பக்கத்து அறைக் காய்ச்சல்

"ஏழாம் நம்பர் அறையில இருக்கற அம்மாவோட புருஷனுக்குக் காய்ச்சல். அதை மறைச்சுட்டு இங்க வந்து தங்கியிருக்காங்க" என்றார் பேக்கரிக்காரர், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி.

வாய்க்குப் போன டம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

ஃப்ளூ பரவுகிறது என்று ஊரே அரண்டு கிடந்த நேரம் அது. விடுதியிலோ மாதக் கணக்கில் தங்கியிருப்பவர்களும் இரண்டு நாள் வந்து போகிறவர்களும் கலந்துகட்டி இருந்தார்கள். பேக்கரிக்காரர் எட்டாம் நம்பரில் நிரந்தரவாசி. விடுதி வாசலை ஒட்டியே அவர் கடை.

எதிர்ச்சாரி ஜூஸ் கடைக்காரருக்கு ஃப்ளூ என்று ஒரு பேச்சு கிளம்பியதுதான் தாமதம், அந்தக் கடைப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் குணமாகி வந்து உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. கடையை மூடிவிட்டுப் போயே போய்விட்டார். அன்றிலிருந்து விடுதியில் யார் தும்மினாலும் பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். விடுதிக்கு ஃப்ளூ வந்தால் தன் கடைக்கு வந்த மாதிரிதான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் விடுதியை நடத்தும் அம்மா.

காலையில் குழாயடியில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது காதால் கேட்டாராம். அந்தப் பெண் போனில் யாரிடமோ சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "'அவருக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கலை. கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. பசங்களைக் கிட்டப் போக வேணாம்னு சொல்லு'ன்னாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மூன்றாம் நம்பர் டைப்பிஸ்ட் அம்மாள் உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தனக்கு அப்போதே சந்தேகமாம். அந்தப் பெண் வந்ததிலிருந்து முகமூடியைக் கழற்றவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள், மாடிப்படியில் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மடியில் எதையோ கட்டிக்கொண்டு வந்தவள் மாதிரியே இல்லையா? வந்து போகிறவர்களை இனிமேல் சேர்க்கவே கூடாது என்று முடித்தாள்.

சோப்புக் கம்பெனி விற்பனைக்காரர் அந்த வாரம்தான் வந்து தங்கியிருந்தார். அவருக்குச் சுருக்கென்றது. "இந்த ஊர்லதான் ஃப்ளூ, போகவே போகாதீங்கன்னு எங்க வீட்ல ஒரே சண்டை. நாங்க உங்களைப் பார்த்துப் பயப்படறோம், நீங்க எங்களைப் பார்த்துப் பயப்படறீங்களா?"

பேக்கரிக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. "மாவு" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. அவர் இருமினால் மாவு, அதே இருமல் விற்பனைக்காரருக்கு வந்திருந்தால் கூடமே காலியாகியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஏழாம் நம்பர் பெண் கழுவிய தட்டை வைக்க வந்தாள். எல்லாரும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

அவள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்தன.

"அது அந்தக் காய்ச்சல் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு என் மேல காய்ச்சல். வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம கிளம்பி வந்துட்டேன். அந்தக் கோவத்துல கொதிக்கறாரு. பசங்க கிட்டப் போனா அவங்களுக்கும் திட்டு விழும்."

விற்பனைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். டைப்பிஸ்ட் அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். பேக்கரிக்காரருக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை பேர் முன்னால் அசடு வழிந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"எந்தக் காய்ச்சலோ, எங்களுக்கு எதுக்கு வம்பு? நீங்க வந்து போறவங்க. இங்கயே பிழைக்கறவங்க நாங்க. இன்னிக்கே காலி பண்ணிடுங்க" என்றார்.

விடுதி அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அந்தப் பெண் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சுண்ணே" என்றவள், சற்று நேரத்தில் வாசலில் வண்டி ஏறிப் போய்விட்டாள்.

"மறுபேச்சுப் பேசாமப் போறா பாத்தீங்களா? ஏதோ இல்லாமயா?" என்று பேக்கரிக்காரர் எல்லாரையும் பார்த்தார். சந்தேகம் யாருக்கும் முழுசாகப் போகவில்லைதான். தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

விடுதி அம்மா மட்டும் அவரைத் தனியே அழைத்தாள்.

"அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமாண்ணே? அக்காவுக்குத் தன்னோட கிட்னியைக் குடுக்கப் போகுது. அதான் புருஷனுக்குக் கோவம். லேசா சளி பிடிச்சாக்கூட ஆபரேஷன் நின்னுடும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அக்காவுக்கு இனிமே தள்ளிப்போட நேரமில்லையாம்."

"அப்ப இங்கயே ஜாக்கிரதையா இருக்க வேண்டியதுதானே?"

"காலையில எழுந்ததும் எங்கிட்ட வந்து வேற ரூம் கேட்டுச்சு. எல்லாம் நிரம்பியிருக்குன்னேன். அப்பவே பெட்டியைக் கட்டிடுச்சு. ராத்திரி பூரா பக்கத்து ரூம்ல இருமலாம்."

பேக்கரிக்காரரின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போயிற்று. சுட்டது.

"'இதை எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே, எதுக்கும்மா நீ பேச்சு வாங்கணும்'னு வாசல்ல அவகிட்ட கேட்டேன்" என்றாள் விடுதி அம்மா.

"என்ன சொல்லுச்சு?" என்றார் அவர்.

"உங்களை இன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லுச்சு. 'அவர் கடை வச்சிருக்கறவர், ஃப்ளூன்னு பேர் வந்துட்டா பிழைப்பு என்னாகும்? பழி என் மேலயே இருக்கட்டும்மா, நான் வந்து போறவதானே'ன்னுச்சு."