மேலுதடு

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிளந்த உதடு இருந்ததா?"

மரபணு ஆலோசனை டொக்டர் கேட்டு முடிப்பதற்குள் அம்புறோஸ், "நைன்" என்று ஜெர்மன் மொழியில் இல்லையென்றுவிட்டார்.

கொறற்றிக்கு ஐந்தாம் மாதம். ஸ்கானில் பிள்ளையின் மேலுதட்டில் ஒரு வெடிப்புத் தெரிந்ததால், புருசனும் பெண்சாதியுமாக ஹம் நகரத்திலிருந்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறி வந்திருந்தார்கள்.

உதட்டைத் தைத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை என்றார் டொக்டர். குடும்பத்தில் முன்பே இருந்தால் பெரும்பாலும் உதட்டோடு போய்விடும். இல்லையென்றால் வேறு குறைகளும் இருக்கலாம். வயிற்றில் ஊசி போட்டு நீரெடுத்துப் பார்ப்பது நல்லது.

ஊசி என்றதும் கொறற்றி யேசுவைத் தாண்டி நேரே மாதாவிடம் போனாள்.

பிறகு தன் பரம்பரையைத் தோண்டினாள். மன்னாரில் ஒரு சின்னம்மாவுக்குப் பல் மிதப்பு. ஒரு மாமாவுக்கு வாய் கோணல்; ஆனால் அது சாராயம் செய்த வேலை.

"எல்லாம் என்ரை பக்கத்துப் பிழைதான்," என்று அழத் தொடங்கினாள்.

அம்புறோஸ் எழுந்து கழிவறைக்குப் போனார்.

போனவர் போனவர்தான். டொக்டர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்த ஆளை, யாரோ அந்நிய ஆம்பிளை என்று நினைத்துக் கொறற்றி சட்டையை இழுத்துவிட்டாள்.

பக்கத்து வார்டுத் தாதியிடம் சவர அலகு இரந்து வாங்கி, வெறும் தண்ணீரில் மீசையை வழித்திருந்தார் மனிதர். வெட்டுப்பட்ட இடங்களில் கழிவறைக் கடதாசி ஒட்டியிருந்தது.

சொசேஜில் மயிர் விழும் என்று தொழிற்சாலையில் வழிக்கச் சொன்னபோது, வேலையை விட்டாலும் விடுவேன் என்று நின்று, மீசைக்கு வலை கட்டிக்கொண்டு வேலை செய்தவர் அவர்.

மூக்கடியிலிருந்து உதடு வரை கோணலாக ஒரு பழைய தையல் ஓடியது.

டொக்டர் கிட்ட வந்து பார்த்தார். முகம் தெளிந்தது. ஊசிக்கு இப்போது அவசரமில்லை, இன்னொரு ஸ்கானை வடிவாக எடுத்துப் பார்ப்போம் என்றார்.

கொறற்றி மூக்கைத் துடைத்தாள். "இதை மறைக்கவோ, இவ்வளவு வருசமா முத்தம் தரேக்கை என்னைக் குத்தினனீங்கள்?"

"செத்தாலும் வழிச்சிருக்க மாட்டன்," என்றார் அம்புறோஸ், குனிந்தபடி. "ஸ்கான் எடுத்தவா பெட்டைப்பிள்ளை எண்டு என்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டா. அவளுக்கு மீசை வளர்க்க ஏலாதே."