நாலும் நாலும் எட்டு

"ஒரு பக்கம் ஊமை. இன்னொரு பக்கம் முனகல். முனகல் இருக்கட்டும், அது இதோட பிறவிக்குணம். ஊமைப் பக்கத்தை மட்டும் சரி பண்ணுப்பா."

கணக்கு வாத்தியார் பழைய ஆம்ப்ளிஃபையரை மேஜைமேல் இறக்கினார். மெக்கானிக் சிரித்தார்.

"முனகலைச் சரி பண்ண வேண்டாமா சார்?"

"வேண்டாம். இதை வாங்கின டொக்கு சாயங்காலம் பேத்தியோட வரான். அந்தக் குழந்தையும் கேக்கட்டும், தாத்தா வாங்கின லட்சணத்தை."

நண்பனுக்கு டொக்கு என்று பெயர் வைத்தவர் வாத்தியார்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரே அறை. ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், ஒரே கொடியில் இரண்டு பேர் சட்டையும். ஆம்ப்ளிஃபையர் அவன் வாங்கியது. ஸ்பீக்கர் இரண்டும் இவர் வாங்கியது. சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் பொருள். பஸ்ஸில் ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலிடுக்கிலும் வைத்து, இடித்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தார்.

அவன் ஸ்பீக்கரைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் முகத்தைப் பார்த்தான்.

"அபாரமா இருக்குடா. ஒயர் வாங்கிட்டு வந்து நாளைக்கு மாட்டறேன்."

மறுநாள் பாட்டு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னடா இது? என் ஸ்பீக்கர் சிங்கம் மாதிரி நிக்குது, உன் ஆம்ப்ளிஃபையர் டொக்கு விழுந்து கிடக்கே!"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்டா" என்று தலையைச் சொறிந்தான்.

அன்றிலிருந்து அவன் டொக்கு. ஆபீசில் டொக்கு, மணமேடையில் டொக்கு. அவன் மனைவியே போனை எடுத்து, "டொக்கு வெளியில போயிருக்கார்ண்ணா" என்பாள். மாற்றலாகிப் போனபோது ஆம்ப்ளிஃபையரை இவரிடமே விட்டுவிட்டான்.

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும்டா. உன் ஸ்பீக்கரை வேற எதுலயும் மாட்டிடாதே."

"ஏன், உன் மானம் போயிடுமா?"

"அப்படித்தான் வெச்சுக்கயேன்."

வாத்தியார் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூடி கழன்றுவிட்டது.

"சார், முனகலுக்குக் காரணம் இதோ. ஸ்பீக்கருக்குப் போற வழியில ரெண்டு பக்கமும் ஒரு ரெசிஸ்டர். பாதிச் சத்தத்தை இதுவே தின்னுடும்."

சுண்டுவிரல் பருமனில், வெள்ளைக்கல் போல இரண்டு.

"கம்பெனியில மாட்டினதா?"

"இல்ல. யாரோ கையால ஈயம் உருக்கி சால்டர் பண்ணது."

அந்த அறையில் சால்டர் பிடிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

"அடப்பாவி! என் ஸ்பீக்கர் நல்லாப் பாடக் கூடாதுன்னே பண்ணியிருக்கான். முப்பது வருஷம்! பிடுங்கி எறிப்பா அதை!"

"இருங்க சார், உள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கு." மெக்கானிக் டார்ச் அடித்துப் படித்தார். "'மெக்கானிக் அண்ணே, இந்தக் கல்லை எடுத்துடாதீங்க. இதுக்கு எட்டு ஓம் ஸ்பீக்கர் வேணும். வந்திருக்கறது நாலு ஓம்.'"

"அப்படின்னா?"

"ஓம்ங்கறது கரண்டைத் தடுக்கற அளவு சார். நாலு ஓமை நேரா மாட்டினா ஆம்ப்ளிஃபையர் தாங்காது, சூடேறி எரிஞ்சிடும். அதான் நாலு ஓமுக்குக் கல்லு வெச்சிருக்கார். நாலும் நாலும் எட்டு. கணக்கு உங்களுக்குத் தெரியாததா? ஆம்ப்ளிஃபையர் தங்கம் சார். தப்பெல்லாம் ஸ்பீக்கர் வாங்கினவர் மேல. அப்பவே கடையில மாத்தியிருந்தா..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"கீழே இன்னும் ஒரு வரி இருக்கு. முதல்லயே பார்க்காம உளறிட்டேன் சார்."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். மங்கிய மையில் டொக்குவின் கையெழுத்து.

'ஸ்பீக்கர்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரொம்ப ஆசையா வாங்கிட்டு வந்தான்.'

வாத்தியார் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"கல்லை என்ன பண்ணட்டும் சார்?"

"இருக்கட்டும். சீட்டும் அங்கேயே இருக்கட்டும்."

மெக்கானிக் ஆம்ப்ளிஃபையரில் கட்டும் பெயர் அட்டையை எடுத்தார். "யார் பேர் எழுதட்டும்?"

"டொக்குன்னு எழுது."

"அது உங்க ஃப்ரெண்டோட பேராச்சே?"

"இல்லப்பா" என்றார் வாத்தியார். "என் பேர்தான். இத்தனை நாள் அவன் வெச்சிருந்தான்."