சண்டைக்காரி வைத்த சேனை

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைப்பவரின் குணம்தான் அதற்கும் வரும் என்பார்கள். அதனாலேயே சண்டைக்காரியான என்னை எங்கள் வீட்டில் யாரும் சேனை வைக்கக் கூப்பிட்டதில்லை.

இப்போது குணத்தை யார் பார்க்கிறார்கள்? குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வரட்டும் என்று, சேனை வைப்பவரின் வயிற்றிலிருக்கும் நல்ல கிருமிகளை அதில் கலந்துதான் கொடுக்கிறார்கள். மருந்தை எதிர்க்கும் மரபணு அவற்றில் ஒரு சாதுவான கிருமியிடம் இருந்தாலும் போதும், பிறகு நோய்க்கிருமிக்குத் தாவிவிடும். தம்பியின் மூத்த பிள்ளை அப்படித்தான் எந்த மருந்தும் கேட்காத காய்ச்சலில் போனது.

இரண்டாவது பிறந்ததும் இரு வீட்டாரையும் சோதித்தார்கள். அந்த மரபணு இல்லாதது என் வயிற்றில் மட்டும்தான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தம்பி கிண்ணத்தை நீட்டினான். "அக்கா, நீதான் வைக்கணும்."

விட்டுவிடுவேனா? "என் குணம் வந்துரும்னு பயந்தியேடா, இப்ப பரவால்லயா?"

அவன் கிண்ணத்தை என் கையில் திணித்தான். கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வரட்டும் மதினி. இவளாவது உசிரோட இருந்து எங்ககூடச் சண்ட போடட்டும்."