நிழலில் ஒரு நாற்காலி

"அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கு. துண்டை அங்கேயே வச்சிடுங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஆனாலும் துண்டைத் தூக்கிய தொப்பைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

நீச்சல் குளத்துக்குள் மனைவியின் கையைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்ற கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அது அவர் போட்ட துண்டு. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். கப்பலின் மேல்தளத்தில் நிழல் விழுவது ஒரே ஒரு வரிசையில். அதிலும் குளத்துப் படிக்குப் பக்கத்தில் இருப்பது அந்தச் சாய்வு நாற்காலிதான். மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தண்ணீரில் நடந்துவிட்டு ஏறியதும் காலை நீட்டிச் சாய்ந்தாக வேண்டும். அந்த இடம் போனால், வழுக்கும் தரையில் ஈரக்காலோடு அவளைத் தளத்தின் கோடி வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆள் எங்க இருக்கு? காலியாத்தானே கிடக்கு?" என்றார் தொப்பைக்காரர்.

பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் கையை நீட்டி, துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"துண்டு இன்னும் ஈரமா இருக்கு. அவங்க செருப்பைக் கழட்டி வச்சிட்டு இப்பத்தான் மறுபடியும் தண்ணிக்குள்ள இறங்கினாங்க. அரை மணி நேரத்துல வரலேன்னா நானே எடுத்து உங்களுக்குத் தர்றேன்."

தொப்பைக்காரர் தளத்துப் பணியாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து கேட்டுவிட்டு, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று போய்விட்டார்.

கண்டக்டர் அசந்து போனார். பயணத்தின் முதல் நாள் காலையில் இதே பெண்ணைப் பார்த்து அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்திருந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவளுடைய உதடு அசையவே இல்லை.

"தலைக்கனம்! முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன். நாம வழுக்கி விழுந்தாக்கூட திரும்பிப் பார்க்காத ரகம் இது" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"வாயைத் திறந்து பேசினா முத்து உதிர்ந்திடுமா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு மனைவிதான் அவளிடம் போய்ப் பேசினாள். "கொஞ்ச நேரம் இந்த இடத்தைப் பிடிச்சு வைக்கிறீங்களா?"

"தண்ணிக்குப் போறீங்கன்னா வைக்கிறேன். சாப்பிடப் போறீங்கன்னா மாட்டேன்" என்றாள் அவள்.

அதுதான் அவளுடைய சட்டம். தன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் கண்டக்டர். இப்போது விடிந்தும் விடியாமலும் ஓடிவந்து தானே துண்டு போடுகிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. இப்படி நியாயமான ஒரு சட்டம் தனக்குத் தோன்றாமல் போயிற்றே!

அதற்குப் பிறகு அவளைக் கவனிப்பதே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள். அவர்கள் கிளம்பும்போதும் அங்கேயே இருப்பாள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று வரிசையே அவளிடம் சொல்லிவிட்டுத்தான் குளத்தில் இறங்கியது. திரும்பி வருபவர்களுக்கு, தலையைத் திருப்பாமலே, "வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கு" என்பாள். ஒருமுறைகூட ஆளை மாற்றிச் சொன்னதில்லை.

ஒருநாள் பணியாளரைக் கூப்பிட்டு, "எனக்கு அடுத்த நாற்காலியில விடிகாலையில துண்டு போட்டுட்டுப் போன புண்ணியவான் இன்னும் வரல. எடுத்துடுங்க. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஒருத்தங்க நிக்கிறாங்க பாருங்க, அவங்களை உட்காரச் சொல்லுங்க" என்றாள். அழுதுகொண்டிருந்த குழந்தை நிழலுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. கண்டக்டருக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

பயணத்தின் கடைசி நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் இடம் காக்கறீங்க. நீங்க ஒருநாள்கூட தண்ணியில கால் வைக்கலையே! இன்னிக்கு உங்க நாற்காலிக்கு நான் காவல். யார் வந்தாலும் விடமாட்டேன். போயிட்டு வாங்க."

அவள் சிரித்தாள். "கண்டக்டர் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்!"

"நான் கண்டக்டர்னு யார் சொன்னா?"

"அக்காவைத் தண்ணியில நடத்தும்போது 'ரைட்டு, போலாம் ரைட்டு'ன்னு சத்தம் போடுறீங்களே, வேற யாரா இருக்க முடியும்?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "முதல் நாள் இவர் சிரிச்சப்ப நீங்க பதிலுக்குச் சிரிக்கலேன்னு இவருக்கு ஒரே வருத்தம். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவாராம்!"

"ஏய், சும்மா இரு!" என்று கண்டக்டர் நெளிந்தார்.

"சிரிச்சாரா?" அவள் உண்மையாகவே பதறிப்போனாள். "அடடா, எனக்குத் தெரியாமப் போச்சே! மன்னிச்சுக்குங்க அண்ணா."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் மேல் வைத்தாள். நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து நீட்டி, தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டாள்:

"தண்ணியில இறங்குற படி எந்தப் பக்கம் அண்ணா?"