மூன்றாவது பந்து

பிலோமி ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. கணவர் மிக்கேல் இருபத்தாறு வருடம் வீட்டுக்குள் விட்ட புகைதான் அவள் நெஞ்சைக் கெடுத்தது. மூன்று பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் டப்பாவை டாக்டர் கொடுத்தார். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஏற வேண்டும். முதல் வாரம் முழுக்க அவள் அதை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு இழுக்கப் பழகி, இரண்டு மாதத்தில் இரண்டு பந்துகளை ஏற்றிவிட்டாள். இன்று மூன்றாவதும் துள்ளியது.

"எப்பா, ஓடி வாங்க! மூணும் ஏறிட்டு!" என்று மகள் ரெஜினா கத்தினாள்.

தெருமுனையில் நின்ற மிக்கேல் பீடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் நெடி உள்ளே நுழைந்தது. அவருக்குக் காட்ட மறுபடி இழுத்துக்கொண்டிருந்த பிலோமி இருமினாள். பந்துகள் பொத்தென்று விழுந்தன.

"அங்கனயே நில்லுங்க. சன்னல் வழியா பாருங்க" என்றாள் பிலோமி.

மிக்கேல் சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசிவிட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். தன் மூச்சு உள்ளே போய்விடக் கூடாதென்று அதை அடக்கிக்கொண்டு, பந்துகள் எத்தனை நொடி நிற்கின்றன என்று எண்ணுவதற்காகக் கையை உயர்த்தினார். பிலோமி இழுத்தாள். மூன்றும் ஏறி நின்றன. ஒரு விரல், இரண்டு, மூன்று. நான்காவது விரலை நீட்டும்போது மிக்கேலுக்கு இருமல் வெடித்தது. உள்ளே பந்துகள் இன்னும் இறங்கவில்லை.