மோதிரக் கை

ஸ்டுட்கார்ட்டில், பின்லாந்து முறைச் சவுனா என்ற நீராவிக் குளியல் அறையின் சின்னச் சன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே மர வாங்கில், இடுப்பில் துவாயோடு நிரோஜன் இருக்கிறான். பக்கத்தில் அவன் அக்காவின் கணவர் சிவபாலன். சுற்றிலும் ஆறேழு ஜெர்மன்காரர்கள், உடுப்பில்லாமல், கண்ணை மூடியபடி. பணியாள் காய்ந்த கற்களில் அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். சீறிக்கொண்டு எழும் ஆவி காதுமடல்களைச் சுடுகிறது. இந்த ஆவிச் சுற்று முடியும்வரை யாரும் கதவைத் திறப்பதில்லை, உரத்துப் பேசுவதுமில்லை. வெளியே வைத்துக் கேட்டால் அத்தான் காரில் ஏறிப் போய்விடுவார். அதற்காகத்தான் நிரோஜன் இங்கே கூட வந்திருக்கிறான்.

"அக்காவுக்கு என்ன நடந்தது அத்தான்?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறான்.

"சொன்னனான் தானே. பனியில சறுக்கி விழுந்தவ."

"பனி மோதிரம் போடுறதோ? கன்னத்தில அச்சு அப்பிடியே கிடக்கு."

மேல்வாங்கில் ஒரு கிழவர் 'உஷ்' என்கிறார். மற்றவர்கள் மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கலியாணத்துக்குப் போட்ட அந்தக் கல்மோதிரத்தைச் சிவபாலன் மட்டும் கழற்றவில்லை. இப்போது பொன் காய்கிறது. அவர் அதைத் திருகுகிறார், ஊதுகிறார். வீங்கிய விரலை விட்டு அது அசைய மறுக்கிறது. எழும்பப் பார்க்கிறார். நிரோஜன் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, இறுகப் பொத்துகிறான். அவனுடைய உள்ளங்கையும் சுடுகிறது. விடுவதாக இல்லை. அத்தானின் தொண்டையில் ஒரு முனகல் எழுகிறது.

"சத்தம் போடாதேங்கோ அத்தான்," என்கிறான் நிரோஜன். "அக்காவும் போடேல்லை."