பார்க்காத எட்டு நிமிடம்

கடைசி எட்டு நிமிடத்தை அவர் பார்க்கவில்லை.

ஆனாலும் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

கீழே பஸ் ஸ்டாண்டே கூடியிருந்தது. முதுகுக்குப் பின்னால் விளையாட்டுச் சங்கத்தின் கரும்பலகை. அதில் அவர் கையெழுத்தில் மூன்று வரிகள்.

சனி மாலை, பெண்கள் கபடி: நமக்கு வெற்றி.

ஞாயிறு காலை, வாலிபால்: நமக்கு வெற்றி.

ஞாயிறு மாலை, ஹாக்கி இறுதி ஆட்டம்: நமக்கு வெற்றி, 3–2.

இருபத்தாறு வருடமாக இந்தப் பலகையில் எழுதுகிறார். இப்படி ஒரு சனி, ஞாயிறு வாய்த்ததே இல்லை.

“மூணு கப்பு வந்திருக்கு அண்ணாச்சி. வைக்கச் சங்கத்துல இடம் இருக்கா, இல்ல நம்ம கடையில வைக்கட்டுமா?” என்றார் சலூன்காரர்.

“ஒம்ம கடையில வச்சா அதுக்கும் சவரம் பண்ணிருவீரு” என்றது ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஊர் வழக்கம் இது. ஜெயித்த அணி ஊருக்குள் நுழைந்ததும் பலகையின் முன்னால் வேனை நிறுத்தும். பலகை எழுதுகிறவர் பெஞ்சில் ஏறி ஆட்டத்தைச் சொல்வார். ஆடியவர்களும் கீழே நின்று கேட்பார்கள். அவர் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் மேளம்.

ஹாக்கி ஆட்டத்தை முதலில் உள்ளதை உள்ளபடி சொன்னார். இரண்டு கோல் வாங்கினோம் என்றார்.

இரண்டும் கீப்பர் சுடலைமணியின் காலிடுக்கில் போனவை. அதைச் சொல்லவில்லை.

மைதானத்தில் அவர் எழுந்தது அந்த இரண்டாவது கோலோடுதான். “இவன் நிக்கிற வரைக்கும் கப்பு நம்ம ஊருக்கு வராது” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோல்வியை எந்தச் சொற்களில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

“மூணுக்கு ரெண்டு அண்ணாச்சி. கடைசி நிமிஷம் அவனுகளுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். கீப்பர் தடுத்துட்டாம்லா. பாத்தியளா?”

“பாத்தேன், பாத்தேன். அதான் முந்தி வாரேன். போர்டு எழுதணும்லா.”

எவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்தச் சொல்.

இப்போது அந்த எட்டு நிமிடத்தைச் சொல்ல வேண்டும். மூன்று கோலையும் பொதுவாகச் சொல்லித் தாண்டினார். பெனால்டி ஸ்ட்ரோக்குக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது. மைதானத்தில் சொன்னது நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஈடுகட்டுகிற மாதிரி அளந்தார்.

“அங்க அடிக்கிறவன் ஒருத்தன். இங்க நம்ம சுடலைமணி ஒருத்தன். பந்து வலது மூலைக்குப் போவுது. பய பாயுதான் பாருங்க. கையில பட்டு வெளியே. எத்தனையோ கீப்பரைப் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தனைப் பாத்ததில்ல.”

கைதட்டல். விசில்.

ஆடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

மேளம் தொடங்கிவிட்டது.

சுடலைமணி கெந்திக் கெந்தி பெஞ்சருகே வந்தான். அவன் கணுக்காலில் கட்டு இருப்பதை அப்போதுதான் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக் குனிய வைத்து, காதோடு சொன்னான்.

“நீங்க எந்திரிச்சுப் போனதைப் பாத்தேன் அண்ணாச்சி. அதுக்கு அடுத்த நிமிஷமே கால் பெரண்டுட்டு. வெளியே தூக்கிட்டு வந்துட்டாங்க. ஸ்ட்ரோக்குக்கு நின்னது ஜெபசிங்.”

ஜெபசிங், இரண்டாவது கீப்பர். மூன்று வருடமாக அணியோடு போகிறான். தண்ணீர் கேன் தூக்குகிறான். இதற்கு முன் ஒரு நாளும் அவனைக் களத்தில் இறக்கியதில்லை.

பெஞ்சை ஒட்டி நின்ற வேனில் சாய்ந்தபடி, எல்லோரையும் போல அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனுடைய அம்மா வந்தாள்.

“இன்னைக்கும் இறக்கலையாக்கும்?”

பதிலுக்குக் காத்திராமல் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“என்னய்யா இது? தோலு உரிஞ்சு கெடக்கு?”

ஜெபசிங் நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தான். அவர் கண்ணைப் பார்த்தான். ஒரு கணம்தான்.

“வேன்ல ஏறும்போது இடிச்சுக்கிட்டேம்மா.”

அவள் முந்தானையால் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள்.

கூட்டம் நகரத் தொடங்கியது. சுடலைமணியைத் தோளில் தூக்கினார்கள். வேண்டாம், வேண்டாம் என்று அவன் கையை ஆட்டினான். பயலுக்கு அடக்கத்தைப் பாரு என்றார்கள்.

பெஞ்சிலிருந்து இறங்கினால் போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அந்தப் பையனின் அம்மாகூட.

“நிறுத்துங்க” என்றார்.

மேளத்தில் அது அமுங்கிப்போனது.

இரண்டாம் முறை கத்தினார்.

மேளக்காரர் கையை நிறுத்தினார். முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணாச்சி இன்னும் ஏதோ சொல்லப்போகிறார்.

அவர் வாய் திறக்கும் முன்பே இரண்டு பேர் கைதட்டினார்கள்.